கரிசலில் முளைத்த எழுத்து

கோவில்பட்டிக்கு மேற்கே இளையரசனேந்தல் பக்கம் ஐப்பசியில் அடைமழை பிடித்தால் கரிசல் காலை விடாது. கோடையிலோ அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தியும் உளுந்தும் வானத்தை நம்பித்தான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலும் இதே கரிசல்தான். அங்கே பிறந்த சம்சாரி கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சிறுவயதில் மழையையும் காட்டையும் வேடிக்கை பார்த்ததுதான் அவருக்குப் படிப்பு. எழுத வந்தபோது முப்பது தாண்டிவிட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

'கதவு' கதையில் தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் ஏறி ஆடிய கதவு. வீட்டுக்குள் பனிக்காற்று; கைக்குழந்தைக்குச் சுகமில்லை. மழை பொய்த்த வருஷங்களைப் பார்த்த கரிசல் குடும்பங்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

சம்சாரிகள் வாயில் புழங்கிய சொற்களையும் திரட்டி அகராதியாக்கினார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது.