நெய் டப்பா எங்கே போச்சு?

காலை 5 மணிக்கு எங்கள் தண்டலம் பஸ் ஸ்டாப் பக்கம் வந்து பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, ஈரம் காயாத பின்னல்... கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று பிரிந்து போவார்கள். அதில் ஒருத்தி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். திண்டிவனம் பக்கத்துப் பெண். கான்ட்ராக்ட் வேலை. கைக்கு மாசம் 12 ஆயிரம் சொச்சம்.

ஒருநாள் இறங்கி வந்து, "அக்கா, நாலு மாசம்" என்றாள். சந்தோஷமும் பயமும் ஒரே முகத்தில்! அடுத்த மாதமே வயிறு தெரிய, "டெலிவரி முடிச்சுட்டு வாம்மா" என்று ஏஜென்ட் நிறுத்திவிட்டார்.

பின் தெருவில் நிரந்தர வேலையில் இருந்த இன்னொரு பெண்ணுக்கும் அதே மாசம்தான். அவளுக்கு இ.எஸ்.ஐ.யில் 26 வாரம் முழுச் சம்பளம். இவளிடமும் இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. ஆனால், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டுமே! ஏஜென்ட் மாறி ஏஜென்ட் என்று அலைந்ததில் கணக்கு தேறவில்லை.

மிச்சமிருந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி. எண்பதுகளின் கடைசியில் 300 ரூபாயாக இருந்தது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று வளர்ந்தது. இதில் ரொக்கம் 14,000. மீதிக்கு இரண்டு சத்துணவுப் பெட்டகம். ஏழைத் தாய் கூலி வேலைக்கு ஓடாமல் ஓய்வெடுக்கணும், வயிறாரச் சாப்பிடணும். அதற்குத்தான் இந்தப் பணம்.

குறை சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தப் பணத்துக்காகவே இவள் நர்ஸம்மாவிடம் போய்ப் பதிந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில்தான் ஹீமோகுளோபின் 8 என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 99 சதவிகிதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்றால் சும்மாவா?

பெட்டகமும் வந்தது. பேரீச்சம்பழம், ஹெல்த் மிக்ஸ், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய். பத்து நாள் கழித்துப் போனால் நெய் டப்பா காலி!

"எங்கேம்மா போச்சு?"

"அவருக்கு தினமும் இட்லிப் பொடிக்கு நெய் வேணும்க்கா..." என்று சிரித்தாள். பேரீச்சம்பழத்தை மாமியார் ஊருக்கு எடுத்துப் போய்விட்டாராம். என் கல்யாணமான புதிதில் எனக்கு வந்த ஹார்லிக்ஸை என் மைத்துனர்கள் குடித்ததுதான் ஞாபகம் வந்தது.

ஆனால், என் ஆதங்கம் நெய் இல்லை. தவணை! முன்பு ஐந்து தவணை. அப்புறம் மூன்றாக்கினார்கள். கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, பிள்ளைக்கு நாலு மாதமாகும்போது 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. விரலை மடக்கிக் கணக்குப் போடுங்கள். முதல் பணத்துக்கும் அடுத்த பணத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்பது மாதம்! வயிற்றுப் பிள்ளை எடை போடுவது கடைசி மூன்று மாதத்தில்தான். அப்போது சம்பளமும் இல்லை, தவணையும் இல்லை. இவளுக்கோ ஆதார் இணைப்புக் குளறுபடியில் முதல் பணமே ஏழாம் மாதம்தான் வந்தது. அது மளிகைக் கடன், வாடகை பாக்கி என்று ஒரே வாரத்தில் கரைந்தது. வாடகை என்றால் யாருக்கு? எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. 2 கிலோ 300. இரண்டரையாவது இருக்கணும் என்பார்கள். தேறிவிட்டது.

ஐந்தாம் மாதமே குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். போன வாரம் விடிகாலை பால் வாங்கப் போனபோது ஸ்டாப்பில் நின்றாள்.

"கடைசி ரெண்டாயிரம் வந்துருச்சுக்கா!"

"நெய் வாங்கினியா?"

"பால் பவுடர் டின் வாங்கி ஊருக்கு அனுப்பிட்டேன்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.