யாருடைய பெயர், எந்த அளவு எழுத்தில்?

எழுத்தைப் படிப்பதற்கு முன்பே நாம் பக்கத்தைப் படித்து விடுகிறோம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சாலையோரச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே செல்பவர் இதனை நன்கறிவர். மணவிழாப் பதாகையாயினும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியாயினும், முக்கியமானவரின் முகம் பெரிதாக நடுவில் இருக்கும். செலவை ஏற்றவர்களின் முகங்கள் அடியில் சிறு சிறு வட்டங்களில் வரிசையாக நிற்கும். எழுத்தறியாத மூதாட்டியும் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, யார் பெரியவர், யார் பணம் தந்தவர் என்று சொல்லிவிடுவார். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் எங்கள் பகுதி மக்களுக்குப் பக்க அமைப்பு என்னும் கலை புதிதன்று.

இக்கலையின் ஆற்றலை நாடறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று 2021ஆம் ஆண்டு நடந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் வெளியான ‘என்ஜாயி எஞ்சாமி’ என்னும் பாடல் உலகெங்கும் பரவியது. சந்தோஷ் நாராயணன் இசையில், தீ என்னும் பாடகியும் தெருக்குரல் அறிவும் அதனைப் பாடினர். பாடலை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியார் வள்ளியம்மாளின் வாழ்வு அப்பாடலுக்குப் பின்னே இருந்தது. ஜூலையில், வடசென்னைக் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிய ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வெளிவந்தது. அதனையொட்டிய ‘நீயே ஒளி’ என்னும் சொல்லிசைப் பாடலின் ஆக்கத்திலும் அறிவுக்குப் பங்கிருந்தது.

ஆகஸ்ட் மாத ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில், பாடகி தீயும், கனடா வாழ் ஈழத்தமிழரான ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். அறிவின் முகம் அங்கே இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின், அறிவின் படத்துடன் மின்னிதழ் அட்டை ஒன்றை அவ்விதழ் வெளியிட்டது.

இசையைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நான் புகவில்லை. பக்கத்தை மட்டுமே பார்க்கிறேன்.

இத்தகைய இதழ்களின் அட்டைக்கு ஓர் இலக்கணம் உண்டு. இதழின் பெயர் மேலே, முகம் நடுவில், அதன் கண்கள் நேராக நம்மை நோக்கும். உள்ளே விரித்தால் இரு பக்கங்கள் சேர்ந்து ஒரே காட்சியாகின்றன. ஒருபுறம் முழுப்பக்கப் படம். மறுபுறம் பெரிய தலைப்பு, அதனடியில் சற்றுத் தடித்த முன்னுரை, பிறகு பத்திகள். படமெடுத்தவர், ஒப்பனை செய்தவர் பெயர்களெல்லாம் ஓரத்தில் எறும்பு வரிசைபோல் நிற்கும். பெரிதிலிருந்து சிறிதிற்கும், நடுவிலிருந்து ஓரத்திற்கும் நம் கண் தானாகவே இறங்கிச் செல்கிறது. ஓரத்தில் உள்ளவரையாவது தேடிக் கண்டுபிடிக்கலாம். பக்கத்திலேயே இல்லாதவரைக் கண் தேடுவதில்லை. ஒருவர் இல்லை என்பதே அதற்குத் தெரியாது. அட்டையில் இருந்த இருவரும் திறமையாளர்களே. அவர்களைக் குறை கூற ஏதுமில்லை. ஆனால் மூன்றாமவர் வேறொரு நாளில், வேறொரு பக்கத்தில்தான் வர நேர்ந்தது.

ஹிப் ஹாப் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்களிடையே பிறந்த கலை. ‘எங்களையும் பாருங்கள்’ என்பதே அதன் முதல் குரல். அக்கலையைப் போற்றும் பக்கத்திலேயே சொல்லை ஆக்கியவர் மறைந்துபோவது எத்துணைப் பெரிய முரண்!

மத்ரஸாவில் நாங்கள் பாடம் நடத்தும் பழைய அரபு நூல்களின் பக்கங்கள் வேறுவிதமானவை. மூலம் நடுவில் இருக்கும். உரை அதனைச் சூழ்ந்து ஓரங்களில் ஓடும். ஹதீஸ் நூல்களிலோ, செய்திக்கு முன்பே அதனை அறிவித்தவர்களின் பெயர்த்தொடர் வந்துவிடும். யார் சொல்லி யார் கேட்டார் என்பது தெரிந்த பின்னரே செய்திக்குள் நுழைகிறோம். பெயரைச் சொல்வதும் கல்வியின் ஒரு பகுதி என்பதை மாணவன் அங்கேயே கற்றுக்கொள்கிறான்.

சென்ற ஆண்டு எங்கள் ஆண்டு விழாவுக்கு நோட்டீஸ் அச்சிட்டபோது இதே வினா எழுந்தது. மேடையில் மூன்று மாணவர்கள் ஓதவிருந்த தமிழ்ப் பாடலை எழுதியவன் நான்காமவன். அவன் தந்தை கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். பையனுக்கோ கூட்டத்தைக் கண்டால் நா எழாது. முதல் படியில் ஓதுவோர் மூவரின் பெயர்களும் தடித்த எழுத்தில் இருந்தன. எழுதியவனின் பெயரே இல்லை. “இடம் போதவில்லை, ஹஜ்ரத்” என்றார் பொறுப்பாளர் ஒருவர். பையனைக் கேட்டேன். “பரவாயில்லை உஸ்தாத், நான் எழுதியது எனக்குத் தெரியுமே” என்றான்.

அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டாமா? பொறுப்பாளர்களிடம் அந்த அட்டையின் கதையைச் சொன்னேன். சிறப்பு விருந்தினர்களின் பட்டங்களை ஒரு வரி குறைத்தாலே இடம் கிடைக்கும் என்று காட்டினேன். சிறிது நேரம் வாதம் நடந்தது. முடிவில், ஓதுவோர் பெயர்களின் அதே அளவு எழுத்தில், பாடல் தலைப்பின் கீழே அவன் பெயர் ஏறியது.

நோட்டீஸ் வந்த அன்று அவன் இரண்டு படிகள் கேட்டான். “ஒன்று வீட்டுக்கு, ஒன்று அத்தாவுடைய லாரிக்கு” என்றான்.

வாசகர்களே! மணமடல், விழா மலர், பள்ளி ஆண்டிதழ் என நம் வீடுகளிலும் ஏதேனும் ஒரு பக்கம் ஆயத்தமாகிக்கொண்டேயிருக்கிறது. அச்சகத்திற்கு அனுப்புமுன் ஒருமுறை நிதானித்துப் பாருங்கள். உழைத்தவருள் இப்பக்கத்தில் இல்லாதவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குவது ஈகையன்று. அது அவருக்குரிய கடன்.