முங்கி எழும் குடுமி வாத்து

ஜனவரிக் காலை. லண்டனின் வடகிழக்கில், வால்தம்ஸ்டோ ஈரநிலத்தின் கரையில் நிற்கிறேன். மாநகருக்குக் குடிநீர் தரும் பத்து நீர்த்தேக்கங்கள் இங்கே அடுத்தடுத்து விரிந்து கிடக்கின்றன. 2017இல்தான் இந்த இடம் பொதுமக்களுக்கு முழுமையாகத் திறந்துவிடப்பட்டது.

கரையோரம் மல்லார்டு வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு மேய்கின்றன. ஆழமான பகுதியில் மிதப்பவை வேறு வகை. அவற்றில் ஒன்று இறகுகளை உடலோடு இறுக்கி, லேசாக எம்பி, தலைகீழாக மறைகிறது. இறகுக்குள் தங்கிய காற்று உடலை மேலே தள்ளும். அதை வெல்லத்தான் இந்த இறுக்கமும் எம்பலும். சில நொடிகளில் தக்கைபோல் மேலே வந்துவிடுகிறது.

பைனாகுலரில் பார்க்கிறேன். கரிய உடல், விலாவில் பளிச்சென்ற வெள்ளை, மஞ்சள் கண், பின்தலையில் தொங்கும் குடுமி. குடுமி வாத்தின் ஆண் இது. அருகில் மிதக்கும் போச்சார்டு வாத்தின் ஆணுக்குத் தலை செம்பழுப்பு, முதுகு சாம்பல். அதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

பெண்ணிடம்தான் நிதானம் வேண்டும். உடல் பழுப்பு, குடுமி சிறிது. சிலவற்றுக்கு அலகை ஒட்டி வெள்ளை தெரியும். உடனே கிரேட்டர் ஸ்காப் என்ற வேறு வாத்து என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்காப்பின் தலை உருண்டையானது, குடுமி துளியும் கிடையாது. அலகு நுனியில் அதற்குக் கறுப்பு குறைவு. குடுமி வாத்துக்கோ நுனி அகலமாகக் கறுத்திருக்கும்.

நீரடியில் குடுமி வாத்துகள் தேடுவது சிப்பி, நத்தை, நீர்ப்பூச்சிகள். பிரிட்டனில் இவ்வினம் குஞ்சு பொரித்தது முதலில் பதிவானது 1849இல், யார்க்ஷயரில். 1820களில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஜீப்ரா சிப்பி பரவப் பரவ, இதுவும் நாடெங்கும் பெருகியது. சிப்பியை ஓட்டோடு விழுங்கி, அரைவைப் பையில் நொறுக்கிவிடும்.

யாரோ கரையை ஒட்டி வேகமாக நடந்துவர, கூட்டம் கலைகிறது. மல்லார்டுகள் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. குடுமி வாத்துகளோ நீர்மேல் சற்று தூரம் ஓடித்தான் பறக்கின்றன. சிறகில் நீண்ட வெள்ளைப் பட்டை தெரிகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறகுகள் சிறியவை என்பதால்தான் இப்படி ஓடி எழ வேண்டியிருக்கிறது. அடிக்கடி முங்கித் தேடிய இரையின் பலத்தில் ஒரு பகுதி, குளிர்காலத்தில் இப்படி ஒருமுறை வெருண்டு எழுவதிலேயே செலவாகிவிடும். அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் கரையிலிருந்து விலகி, அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் முங்குவதையும் எழுவதையும் அவற்றின் இயல்பிலேயே பார்க்க முடியும்.