பிளாவும் கண்ணாடிக் குவளையும்

சுவைக்குச் சாதி உண்டா? நாவிற் படும் இனிப்பும் புளிப்பும் கசப்பும் மனிதர் யாவர்க்கும் பொதுவானவை. ஆயினும் எந்தச் சுவையைப் போற்றுவது, எதைத் தூற்றுவது என்பதை நாக்கு தனித்து நின்று தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது சமுதாயம். வன்னி மண்ணில் ஆசிரியத் தொழில் புரியும் நாம், குடிவகைகளைச் சுவைப்பதிலும் அவை உருவாகும் விதத்தை ஆராய்வதிலும் ஓரளவு ஆர்வம் உடையோம். அவ்வார்வம் நம்மை மூன்று இடங்களுக்கு இட்டுச் சென்றது. அவற்றிற் கண்டவற்றை வாசகர் முன் வைக்க விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் நம் மைத்துனர் வீட்டில் ஒரு மாதம் தங்க நேர்ந்தது. அவர் பகலில் கணக்காளர்; ஓய்வு நாட்களில் பியர் வடிப்பவர். கார் நிறுத்தும் கொட்டகையிலே பெரிய உருக்குப் பானையும் வெப்பமானியும் வைத்திருந்தார். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, 65 பாகை அளவிலான சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுவார். தானியத்தின் மாச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் நொதியை இடுவார். இரண்டு வாரம் பொறுத்துப் போத்தலில் அடைப்பார். "அத்தான், இதிலை ஒரு பாகை கூடினாலும் குறைஞ்சாலும் ருசி மாறிப்போம்" என்று அவர் பெருமிதத்தோடு கூறுகையில், ஒரு கலைஞனின் முகத்தையே அவரிடம் கண்டோம்.

இந்தப் பெருமிதம் அந்நாட்டில் சட்டத்தின் துணையோடு வளர்ந்தது. இங்கிலாந்தில் வீட்டிலே பியர் வடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1963இல் நீக்கப்பட்டது. 1971இல் மரபுவழிப் பியரைப் பெருங்கம்பனிகளிடமிருந்து காக்கவென மக்கள் இயக்கம் ஒன்றே அங்குத் தோன்றிற்று. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டு வடிப்புக்கு வழிதிறந்தது. அதன் பின்னரே சிறு வடிப்பாலைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின.

இரண்டாவது இடம் கொழும்பு. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், நகரத்து விடுதியொன்றில் நடந்த பியர் விருந்துக்கு நம்மை அழைத்துச் சென்றார். இறாலுக்கு ஒரு பியர், மீனுக்கு ஒரு பியர், இறுதியில் சொக்லேற் இனிப்போடு கரிய ஸ்ரவுட் என ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஏற்ற குவளை வந்தது. நம் நாட்டுப் பியரின் வரலாறும் அங்கே பேசப்பட்டது. 1849இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவிற் சிறு வடிப்பாலை ஒன்றை அமைத்தார். 1881 முதல் அது பெருந்தொழிலாயிற்று. இன்று லயன் ஸ்ரவுட் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலப் பியர் எழுத்தாளர் அதனை வியந்து போற்றியதே அப்புகழுக்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பியருக்கு வேண்டிய பார்லியும் ஹொப்ஸும் கடல் கடந்தே வருகின்றன.

விருந்தில் அனைவரும் மிக உயர்வாகப் பேசியது பெல்ஜிய நாட்டு லாம்பிக் பற்றி. பிரசெல்ஸ் நகரையடுத்த சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, கொதித்த பார்லி நீரை அகன்ற தட்டையான தொட்டியில் ஊற்றி இரவு முழுவதும் திறந்து வைப்பார்கள். காற்றிலுள்ள நொதி உயிர்கள் தாமாக வந்து அதிற் குடியேறும். பின்னர் அது மரப்பீப்பாவில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடந்து புளிப்பேறும். "மனிதன் நொதியை இடுவதில்லை, இயற்கையே இடுகிறது!" என்று ஒருவர் கண்மூடி வியந்தார். "எங்கள் பனங்கள்ளும் அப்படித்தானே?" என்றோம். மேசையிற் சிரிப்பு எழுந்தது. "தவறணைச் சரக்கை இதோடு ஒப்பிடலாமோ, மாஸ்டர்?" என்றார் அவர்.

ஏன் ஒப்பிடலாகாது? இந்த வினாவைச் சுமந்துகொண்டே ஊர் திரும்பினோம். அடுத்த பருவத்தில், பூநகரிப் பக்கத்துப் பனங்கூடல் ஒன்றிலே, சீவல் தொழிலாளி ஒருவரோடு சில காலைகளைக் கழித்தோம். அதுவே மூன்றாவது இடம்.

அவர் காலில் தளைநார், இடுப்பிலே பாளைக்கத்தி, தோளிலே முட்டி. அறுபது அடி மரத்தின் வட்டுக்குள் ஏறி அமர்ந்து, இளம் பாளையைக் கட்டி, நாட்கணக்கில் இதமாகத் தட்டிப் பதப்படுத்துகிறார். தட்டு மிஞ்சினால் பாளை நைந்துவிடும். குறைந்தால் சாறு சுரக்காது. பின்னர் நாள்தோறும் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். துளி துளியாக முட்டியில் இறங்குவது இனிய நீர். உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியானால் அது நொதிக்காது, அதுவே கருப்பநீர். காய்ச்சினால் பனங்கட்டியும் கல்லாக்காரமும் ஆகும். சுண்ணாம்பு இல்லையேல், மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காற்றிலும் பாளையிலும் உள்ள நொதி உயிர்களோடு, முட்டியில் ஒட்டிய முதல்நாட் கள்ளின் எச்சமும் மறுநாளைக்கு உறைமோராகப் பயன்படுகிறது. சில மணி நேரத்திலேயே மதுச்சாரம் பியரின் அளவை எட்டும். ஒரு நாள் சென்றால் புளிக்கும். மேலும் சென்றால் வினாகிரியாகும்.

அவரிடம் வெப்பமானி இல்லை. மணத்தைக் கொண்டே எந்த மரத்துக் கள் என்று சொன்னார். "இது வடக்குப் பக்கத்து மரம், மாஸ்டர். வெயில் குறைவு, அதாலை இனிப்பு நிக்கும்" என்று பிளாவில் வார்த்துத் தந்தார். மைத்துனரின் முகத்திற் கண்ட அதே கலைஞனை இங்கும் கண்டோம். ஆனால் பெருமிதத்தை மட்டும் காணவில்லை. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மரம், காலையும் மாலையும் ஏறி இறங்குபவர் அவர். தொழிலைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்தது.

இந்தத் தாழ்வு எங்கிருந்து வந்தது? சாறு தரும் மரத்தை ஒருவனும் மரத்தில் ஏறும் ஆபத்தை மற்றொருவனும் உடைமையாகப் பெற்ற சமுதாயத்திலிருந்து வந்தது. மரமேறுவதைச் சில சாதியாரின் தலையிலே எழுதி வைத்தார்கள். அவர் இறக்கிய கள்ளை ஆவலோடு வாங்கிய கைகள், அவர் மொண்ட தண்ணீரை வாங்க மறுத்தன. தேநீர்க் கடையில் அவருக்கு இடமில்லை. கோயில் வாசலில் வழியில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும், 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் போராடியே அவ்வுரிமைகளைப் பெறவேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' அந்த வாழ்வின் சாட்சி. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் இன்றும் உரிமம் இல்லாத வடிப்பைக் குற்றம் என்கிறது. லண்டனிற் பொழுதுபோக்காக இருப்பது இங்கே பொலிசுக்குரிய விடயம். 1972இல் தொடங்கிய பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களே தொழிலாளர் தாமே கூடித் தம் பொருளை விற்கும் வழியைத் திறந்தன. அது சிறிய வெற்றியன்று.

"குடியைப் புகழ்வதா முற்போக்கு?" என்று வாசகர் சினக்கலாம். நியாயமான சினம். கூலியைக் குடித்துத் தீர்க்கும் தந்தையையும், அடுப்பு எரியாத வீட்டையும் இங்குள்ள எந்த ஆசிரியரும் அறிவார். குடியின் கேட்டை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேடு கொழும்பு விருந்து மேசையில் பண்பாடாகவும், தவறணை வாங்கில் ஒழுக்கக்கேடாகவும் கணிக்கப்படுவதை ஏற்க மறுக்கிறோம். மேலும், பனை கள்ளை மட்டுமா தருகிறது? சுண்ணாம்பு பூசினால் அதே கை, அதே கத்தி, பிள்ளைகளுக்குப் பனங்கட்டி தருகிறது. கையை இகழ்ந்தால் இரண்டையும் இழப்போம்.

இழந்தும் வருகிறோம். போர்க்காலத்திற் பனைகள் காப்பரண்களுக்குக் குற்றிகளாயின. எறிகணை வட்டுகளைக் கொய்தது. 2009இன் பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதிதாக விதைகள் ஊன்றப்பட்டன. பனை பாளை ஈன 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அந்த மரங்கள் பயன்தரும் காலம் இப்போதுதான் நெருங்குகிறது. ஏறுவார் யார்? பாடசாலைப் படிவத்திலே, தந்தையின் தொழில் என்ற இடத்தில், "கூலி" என்று எழுதிய மாணவனை நாம் அறிவோம். அவன் தந்தை கைதேர்ந்த சீவல் தொழிலாளி. அச்சொல்லை எழுத அவன் விரல் கூசிற்று.

பெல்ஜியத்து வடிப்பாளனுக்குக் கிடைக்கும் மதிப்பை வன்னித் தொழிலாளிக்குப் பெற்றுத்தருவது ஒரு விருந்தினால் ஆகாது. விழுந்தால் குடும்பத்தைக் காக்கும் காப்புறுதி வேண்டும். ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவி வேண்டும். பருவம் ஓய்ந்த மாதங்களுக்கு வருவாய் வேண்டும். சங்கங்களின் நிருவாகம் தொழிலாளர் கையில் நிற்கவேண்டும். இவற்றுக்குக் குரல் கொடுப்பது நம் அனைவரின் கடன். ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொரு கடனும் உண்டு. நொதித்தல் பாடத்தை விஞ்ஞான வகுப்பிற் கற்பிக்கும்போது, பாடநூலின் பாணையோடு நின்றுவிடாமல் முட்டியையும் மேசைமேல் வைப்போம். அதை இறக்கிய மனிதரை வகுப்புக்கு அழைத்து, மாணவர் முன்னிலையில், அவரிடமே விளக்கம் கேட்போம்.