335 பேர் திறந்த கதவு

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் முகநூல் தோன்றியது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் ஆர்க்குட்டும் வந்தது. இந்திய இளைஞரிடையே பெரும் வரவேற்பைப் பெற்ற ஆர்க்குட் 2014இல் மூடப்பட்டது. முகநூலோ உலகெங்கும் வேரூன்றியது. தொலைவில் வாழும் உறவினரை இத்தளங்கள் அருகில் கொணர்ந்தன. தில்லியில் பேரன் நடைபயில்வதைத் தஞ்சாவூரில் இருக்கும் பாட்டி அன்றே கண்டு மகிழ்கிறார். பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு இது சிறிய நன்மையன்று.

இத்தளங்கள் பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை. விளம்பரமே அவற்றின் வருவாய். ஒருவர் எதை விரும்புகிறார், எங்கே செல்கிறார், யாருடன் பழகுகிறார் என்பதை அறிந்தால்தான் அவருக்கேற்ற விளம்பரத்தைக் காட்ட இயலும். ஆகவே, பயன்படுத்துவோரின் விவரங்களே விலையாகின்றன.

அவ்விலையைப் பிறரும் கொடுக்க நேரும் என்பதை 2018இல் உலகம் உணர்ந்தது. முகநூலில் இயங்கிய வினாவிடைச் செயலி ஒன்று, தன்னைப் பயன்படுத்தியோரின் விவரங்களோடு அவர்தம் நண்பர்களின் விவரங்களையும் திரட்டியிருந்தது. அவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் பரப்புரை நிறுவனத்தின் கைக்குச் சென்றன. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. ஆயினும், ஏறத்தாழ 5,62,000 இந்தியரின் விவரங்கள் வெளியே சென்றிருக்கக்கூடும் என முகநூல் நிறுவனமே அறிவித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அச்செயலியைத் திறந்தும் பார்க்காதவர்கள். நண்பர் ஒருவர் திறந்ததே போதுமானதாயிற்று.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது.

சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். நண்பர்களுக்கிடையே உள்ள கடமையை நண்பர்களே காக்க வேண்டும். நாற்பது பேர் நிற்கும் வகுப்புப் படத்தை ஒரு மாணவர் பதிவேற்றினால் நாற்பது முகங்களும் வெளியே செல்கின்றன. கைப்பேசியில் உள்ள எண்களைப் பார்க்க ஒரு செயலி இசைவு கேட்கும்போது, அது அத்தை, மாமா, தோழர் எனப் பலருடைய எண்களையும் சேர்த்தே கேட்கிறது. தன் வீட்டுக் கதவைத் திறப்பது ஒருவரின் விருப்பம். அடுத்த வீட்டுக் கதவைத் திறக்குமுன் அவ்வீட்டாரைக் கேட்பதே பண்பு.