காப்பாட்டில் ஒரு சாப்பாடு

சாளை அவியலின் வாசம், தேங்காயும் பச்சை மிளகாயும் மாங்காய்ப் புளிப்பும் கலந்து எழும் அந்த ஆவி, எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு முதலில் தாத்தா வருவார், அவருக்குப் பின்னாலேயே, ஒரு சம்பந்தமும் இல்லாமல், வாஸ்கோட காமாவும் வருவார்.

தாத்தா பிறத்தியார் வீட்டில் கை நனைக்கமாட்டார். ஊர்விட்டு ஊர் போனால் பித்தளைக் கூஜாவில் தண்ணீர், வாழையிலையில் கட்டுச்சோறு, மழைக்கும் விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிய குடை, மேல்துண்டில் மூக்குப்பொடி நெடி. குளச்சலில் அவருடைய சிநேகிதர் வீட்டுத் திண்ணையில், நாலு மணி வெயில் ஓட்டுச் சந்தில் இறங்கித் தரையில் காசு காசாகக் கிடக்க, உள்ளேயிருந்து அவியல் வாசம் வந்துகொண்டே இருக்கும், தாத்தா வயிற்றைத் தடவி, "இப்பத்தான் ஆச்சு" என்பார், என் பக்கம் திரும்பி, "நீ தின்னு மக்களே" என்பார். அது ஆசாரமா வெறும் வீம்பா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

தின்று முடித்ததும் கடற்கரைத் தூணுக்குக் கூட்டிப்போவார், 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றதற்கு நிற்கிற தூண் அது. அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, இந்த மண்ணின் உப்பைத் தின்று, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடங்கியவர், கல்லறையில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. தாத்தாவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு, "தங்குனவன்லா" என்பார்.

காப்பாட்டுக் கல்லை நான் பார்த்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. கோழிக்கோட்டுக்கு வடக்கே, கடற்கரைச் சாலையோரம், 1498இல் வாஸ்கோட காமா இங்கே இறங்கினார் என்று ஆங்கிலத்தில் சொல்லும் கட்டையான தூண், அன்றைக்கு அதைச் சுற்றி ஊறிய தொண்டு மட்டையின் வாடையும் காய்கிற வலைகளும் இருந்தன. இப்போது கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்திருக்கிறது, தரை சுத்தம், நல்லதுதான், ஆனால் காற்றில் வருவது காலிஃபிளவர் பொரிக்கிற எண்ணெய் வாசம், கல்லில் சாய்ந்து படம் எடுப்பவர்கள் எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மறைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. அந்தப் பயணத்தில் கூட வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு வேறு விதமாகச் சொல்கிறது, மே 20 அன்று கப்பல்கள் இந்தக் கரைக்கு எதிரே நங்கூரமிட்டன, கரைக்கு முதலில் அனுப்பப்பட்டவர் ஒரு தண்டனைக் கைதி, போனால் போகட்டும் என்கிற கணக்கு, அவரை எதிர்கொண்டவர்களோ காஸ்டிலிய மொழி பேசிய துனிஸ்காரர்கள் இருவர். பிறகு கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் ஆள் வழிகாட்ட, கப்பல்கள் பந்தலாயனிக்கு நகர்ந்தன, மே 28 அன்று பதின்மூன்று பேரோடு காமா கால் வைத்தது அங்கேதான். அங்கிருந்து பல்லக்கில் கோழிக்கோடு போகும் வழியில்தான் காப்பாடு, ஒரு பெரிய மனிதர் வீட்டில் இறக்கி, எல்லோருக்கும் சோறு, நிறைய நெய், நன்றாக அவித்த மீன் என்று விருந்து வைத்தார்கள். கூட வந்தவர்கள் சாப்பிட்டார்கள், காமா வேண்டாம் என்றுவிட்டார்.

பயமோ, கேப்டன் என்கிற மிடுக்கோ, நாட்குறிப்பில் காரணம் இல்லை. தாத்தாவின் மறுப்பில் யாருக்கும் சேதமில்லை, இவரோ 1502இல் பீரங்கிகளோடு திரும்பி வந்து கோழிக்கோட்டைக் குண்டு வீசித் தகர்த்தார். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்தார், எலும்புகளை 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

காப்பாட்டுக்குப் போகிறவர்கள் கல்லைப் பார்த்தபின், கொயிலாண்டிப் பக்கம் பந்தலாயனிக்கும் ஒரு எட்டுப் போய்வாருங்கள், நாட்குறிப்பை நம்பினால் அவர் இறங்கிய இடம் அதுதான்.