அனாமத்து கணக்கு

அனாமத்து கணக்கு என்றால் என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்கும், விருதுநகர் பஜாரில் பேரேடு எழுதியவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஒரு தொகை வந்திருக்கும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாது. எழுதாமலும் விட முடியாது. 'அனாமத்து' என்று ஒரு பக்கத்தில் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். விவரம் தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால், வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது கழுத்தைப் பிடிக்கும்.

மனசிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீ. ஏறக்குறைய 40 பேர் செத்துப் போனார்கள். அதில் பலர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. உதவிக்கு ஓடியவர்கள், என்னவோ ஏதோவென்று பார்க்கப் போனவர்கள். 2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். 20 பேருக்கு மேல். இடையிலும் பிறகும் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் நிவாரணம் அறிவிக்கிறார்கள். இறந்தவருக்கு இவ்வளவு, காயம்பட்டவருக்கு இவ்வளவு. தீக்காயம் எத்தனை சதவிகிதம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்கிறார்கள். தோலுக்குக் கணக்கு இருக்கிறது. உயிரோடு திரும்பி வந்தவரின் மனசுக்குப் பத்தி ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாமே. கழுத்திலும் வலது கையிலும் தோல் சுருங்கி இழுத்திருக்கிறது. வீட்டில் கண்ணாடி சுவர்ப் பக்கம் திரும்பித் தொங்கியது.

"சோறு வடிப்பேன், கொழம்பு வைப்பேன். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டா வயிறு மூடிக்கிடும் தம்பி. பிள்ளைகளுக்குப் போட்டுட்டு நான் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவேன்."

"எத்தனை வருஷம் ஆச்சுக்கா?"

"எட்டு வருஷம்ங்காக. எனக்கு அது இன்னிக்குக் காலைல நடந்த மாதிரில்லா இருக்கு."

கவனித்தீர்களா? மற்றவர்களுக்கு எட்டு வருஷம். அவருக்கு இன்று காலை. சாப்பாடு இறங்காததும் கண்ணாடி திரும்பித் தொங்குவதும் திமிரோ சோம்பலோ இல்லை. நடந்தது 'நடந்து முடிந்தது' என்ற தலைப்புக்குப் போகவே இல்லை. அனாமத்தில் நிற்கிறது.

இதை மாற்றி எழுத ஒரு சிகிச்சை உண்டு. சுருக்கமாக இ.எம்.டி.ஆர். ஃபிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1987-ல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனசை அரித்த எண்ணங்கள் லேசாவதையும், அப்போது தன் கண்கள் இடமும் வலமும் வேகமாக ஓடியதையும் கவனித்தார். 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார்.

எட்டுக் கட்டமாக நடக்கும் சிகிச்சை இது. எடுத்தவுடனே தீயைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். முதலில் உங்கள் கதை, உடல்நிலை, பதறினால் உங்களை நீங்களே அமர்த்திக்கொள்ளும் பயிற்சி. பிறகுதான் அந்த ஒரு காட்சி. அதை நினைத்தால் உடம்பில் எங்கே இறுகுகிறது? தவிப்பு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? 'நான் அசிங்கமா இருக்கேன்', 'என்னாலதான் ஆச்சு' என்பது போல் உள்ளே ஓடும் வாக்கியம் எது? காட்சியை மனசில் வைத்தபடி, மருத்துவர் அசைக்கும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். கொஞ்ச நேரம். நிறுத்தி, "இப்ப என்ன தோணுது?" என்பார். மறுபடியும். ஒன்பதில் இருந்த தவிப்பு நாலாகி, ஒன்றாகி இறங்கும்வரை, பல சந்திப்புகளில்.

மந்திரமா? இல்லை. ஒரே நேரத்தில் நினைவையும் விரலையும் மூளை கவனிக்க வேண்டியிருப்பதால் நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு அவசியமே இல்லை, மற்ற பேச்சே போதும் என்று வாதிடும் நிபுணர்களும் உண்டு. ஆனால் பேரதிர்ச்சிக்குப் பிறகான மனநோய்க்கு இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பின் இந்தியாவிலும் இதில் பயிற்சி கொடுத்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். உணவுக் கோளாறுக்காகத் தங்கிச் சிகிச்சை பெற்ற 86 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இ.எம்.டி.ஆர். சேர்ந்தவர்களுக்கு, தங்கள் உடம்பைப் பற்றிய கசப்பான நினைவுகளின் வலி குறைந்தது. ஆனால் அதனால் மட்டும் சாப்பாட்டுப் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. எடை மளமளவென்று இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பொது மருத்துவரைத்தான்.

அந்த அக்காவுக்கு இ.எம்.டி.ஆர். கிடைக்கவில்லை. இதில் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். கட்டணமும், போக வர பஸ் செலவும், ஒருநாள் கூலியும் யார் தருவார்கள்? விருதுநகருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தீக்காயப் பிரிவில் கட்டுப் பிரிக்கும் நாளிலேயே ஒரு மனநல மருத்துவரும் பக்கத்தில் வந்து உட்காரலாமே. நிவாரணப் பட்டியலில் அதற்கும் ஒரு பத்தி போடலாமே.

அதுவரை உங்களால் ஆனது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கண்ணாடி பார்க்காத, பந்தியில் உட்காராத ஒருவர் இருந்தால், "இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டிருக்க?" என்று கேட்காதீர்கள். அவர் நினைக்கவில்லை; அதுதான் அவரை விடவில்லை. அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.

பேரேட்டில் அழித்து எழுதக் கூடாது என்பார்கள் பழைய கணக்குப்பிள்ளைகள். இந்தச் சிகிச்சையும் எதையும் அழிப்பதில்லை. தீ எரிந்தது எரிந்ததுதான். தேதி போட்டு, அதற்குரிய பக்கத்துக்கு அதை மாற்றுகிறது, அவ்வளவே. அப்புறம் கடுகு வெடித்தால், அது வெறும் கடுகு.